எங்கே பூட்டியிருக்கிறது என்று பாருங்கள்: கொன்டெய்னர் லொறிகளின் வடிவமும் பெயரும்

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மட்டக்களப்பு–கல்முனை வீதியால் கொன்டெய்னர் ஏற்றிப் போகும் நீள வண்டியை ஒருவர் பிரைம் மூவர் என்கிறார், ஒருவர் ட்ரெய்லர் என்கிறார், இன்னொருவர் 18 வீல் என்கிறார். வெளிநாட்டு வீடியோக்களில் செமி, ஆர்ட்டிக், பி டபுள், ரோட் ட்ரெயின் என்று வேறு பெயர்கள். எது சரி? ஒரே வண்டியாகச் செய்யாமல் ஏன் இரண்டு துண்டாகச் செய்கிறார்கள்? எங்கள் ஊர் ஆலையில் ஒரு ட்ரைவர் ட்ரெய்லரைக் கொளுவிவிட்டு, போன் டார்ச்சுடன் அடியில் புகுந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்த்தார்?"

நான் 2009 இலிருந்து 11 வருடம் வாழைச்சேனையில் வீடு, கொழும்பில் சுமை என்று இந்த வண்டி ஓட்டியவன். இப்போது ட்ரெய்லர் திருத்தும் வேலை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பெயரும் சரிதான். ஒவ்வொரு பெயரும் வண்டியின் ஒவ்வொரு இடத்தைப் பார்த்து வைத்தது, அவ்வளவுதான். பிரைம் மூவர் என்பது முன்னால் இழுக்கும் தலையின் பெயர். ட்ரெய்லர் என்பது பின்னால் வரும் உடலின் பெயர். 18 வீல் என்பது டயரை எண்ணிச் சொல்வது. ஆனால் வண்டியைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தலையையும் வாலையும் விட்டுவிட்டு, இரண்டும் பூட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். எப்படிப் பூட்டியிருக்கிறது, எத்தனை இடத்தில் பூட்டியிருக்கிறது என்பதிலிருந்துதான் உண்மையான வகைப் பெயர்கள் எல்லாம் பிறக்கின்றன. வண்டி எப்படித் திரும்பும், எப்படிக் கவிழும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

மாட்டு வண்டியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டே சக்கரம். நெல் மூட்டை ஏற்றும்போது பெரியவர்கள் முன்பாரம் பின்பாரம் பார்த்துத்தான் அடுக்குவார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசியும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பிக் கயிறு கழுத்தை இறுக்கும். பாரத்தில் ஒரு பங்கு சக்கரத்தில், ஒரு பங்கு மாட்டின் கழுத்தில். செமி ட்ரெய்லர் என்பது இதே ஏற்பாடுதான். அதற்குப் பின்னால் மட்டும் சக்கரம்; முன்பக்கப் பாரத்தைப் பிரைம் மூவரின் முதுகு தாங்குகிறது. தனியே ஓட முடியாத பாதி வண்டி என்பதால்தான் 'செமி', அதாவது பாதி, என்று பெயர். அமெரிக்காவில் அந்தப் பாதிப் பெயரையே முழு வண்டிக்கும் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது உழவு இயந்திரத்தின் பின்னால் வரும் நாலு சக்கரப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அது கழற்றி விட்டாலும் தானே நிற்கும். தன் பாரத்தை முழுவதும் தன் சக்கரத்திலேயே சுமக்கும். இழுப்பவனிடம் அதற்குத் தேவை இழுவை மட்டும். இது முழு ட்ரெய்லர். ஒரு கம்பியால் கொளுவி இழுப்பதால் ஐரோப்பாவில் 'ட்ரோபார்' வண்டி என்பார்கள். அங்கே சாதாரண லொறியின் பின்னால் இப்படி ஒரு ட்ரெய்லரைக் கொளுவி 18.75 மீற்றர் நீளம் வரை ஓட்டலாம். நம் பக்கம் இது அரிது.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பிடிமானம். பாரம் எந்தச் சக்கரத்தின் மேல் அழுத்துகிறதோ அந்தச் சக்கரம்தான் ரோட்டைப் பிடிக்கும். செமி ட்ரெய்லரில் சுமை ஏற ஏற, அதில் ஒரு பங்கு பிரைம் மூவரின் இழுக்கும் சக்கரங்கள் மேலேயே வந்து உட்காருகிறது. அதனால்தான் வெறும் தலையாக வந்தால் மழை ரோட்டில் வழுக்கும் அதே பிரைம் மூவர், 20 தொன் ஏற்றியதும் நிலத்தைப் பற்றிக்கொண்டு போகிறது. முழு ட்ரெய்லரில் இந்த உதவி கிடையாது. இழுக்கும் வண்டி தன் சொந்தப் பாரத்தை நம்பித்தான் இழுக்க வேண்டும்.

சரி, பூட்டு. பிரைம் மூவரின் பின்பக்கத்தில் கறுப்புக் கிரீஸ் அப்பிய, குதிரை லாட வடிவில் ஒரு கனத்த இரும்புத் தட்டு தெரியும். அதுதான் பிப்த் வீல். ட்ரெய்லரின் முன்பக்க அடியிலிருந்து ஒரு இரும்பு முளை கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அது கிங் பின். பெரும்பாலானவற்றில் அதன் தடிப்பு 2 அங்குலம். மிகக் கனமான சுமை தூக்கும் ட்ரெய்லர்களுக்கு மூன்றரை அங்குலம். பிரைம் மூவரைப் பின்னுக்கு விடும்போது தட்டு ட்ரெய்லருக்கு அடியில் புகும், முளை தட்டின் வாய்க்குள் வரும், உள்ளே இருக்கும் தாடை அதன் கழுத்தைச் சுற்றி மூடிக்கொள்ளும். முப்பது தொன் வண்டியை இழுத்துப் போவது என் மணிக்கட்டை விட மெலிந்த அந்த ஒரு முளைதான். முதல்முறை அதைக் கழுவித் துடைத்து அருகில் பார்த்தபோது எனக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது. ஆனால் தூக்கும் வேலை முளைக்கு இல்லை. பாரம் முழுவதும் அந்த அகலத் தட்டின் மேல் பரவி உட்காருகிறது. முளை இழுவையையும் திருப்பத்தையும் மட்டும் பார்த்துக்கொள்கிறது.

"தட்டுக்கு ஏன் ஐந்தாம் சக்கரம் என்று பெயர், அது உருளுவதே இல்லையே" என்று பலர் கேட்பார்கள். குதிரை வண்டிக் காலத்துப் பெயர் அது. நாலு சக்கரக் குதிரை வண்டியில் முன் எக்ஸல் திரும்புவதற்காக, எக்ஸலுக்கும் வண்டிக் கூட்டுக்கும் நடுவே ஒரு சக்கரத்தைப் படுக்கையாக வைத்திருப்பார்கள். ஓடுவது நாலு, படுத்திருப்பது ஐந்தாவது. எஞ்சின் வந்தது, குதிரை போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்தத் தட்டை எந்த இடத்தில் பொருத்துவது என்பதிலும் முன்பாரம் பின்பாரக் கணக்குத்தான். பின் எக்ஸலுக்குச் சற்று முன்னால் வைப்பார்கள். அப்போதுதான் பாரத்தில் சிறு பங்கு முன் சக்கரத்துக்கும் போகும். மிகப் பின்னால் தள்ளிவிட்டால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் மிதக்கும். மிக முன்னால் வைத்தால் முன் எக்ஸல் தாங்காது. கெபினும் ட்ரெய்லர் மூலையும் திருப்பத்தில் முட்டும். பழைய பிரைம் மூவர் வாங்கித் தட்டை இஷ்டப்படி நகர்த்தி வெல்டிங் செய்துகொண்டு வருபவர்களிடம் நான் இதை மீண்டும் மீண்டும் சொல்கிறேன். ஒரு சாண் நகர்ந்தாலும் அது வேறு வண்டி.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் அலெக்சாண்டர் விண்டன் என்பவர் 1898–99 அளவில், தான் செய்த கார்களை வாங்குபவர்களின் ஊருக்குக் கொண்டுபோக இப்படி ஒரு பாதி வண்டியைக் காரோடு பூட்டினார். 1914 இல் டிட்ராயிட் நகரில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஒரு மர வியாபாரியின் படகை ஏற்றுவதற்காக ஃபோர்டு மொடல் டி காரின் பின்னால் ஒன்றைச் செய்துகொடுத்தார். படகு போய்ச் சேர்ந்ததும் அந்த வியாபாரி அதே மாதிரி மரம் ஏற்றவும் கேட்டார். ஃப்ரூஹாஃப் கம்பனி பிறகு பெரிய ட்ரெய்லர் கம்பனியாக வளர்ந்தது. இங்கிலாந்தில் ஸ்கெமெல் கம்பனி 1934 இல் மூன்று சக்கரத்தில் ஒரு குட்டி இழுவை வண்டி செய்தது. ரயில் நிலையத்திலிருந்து சாமான் இழுத்த குதிரைகளுக்குப் பதிலாக வந்ததால் அதன் பெயரே 'மெக்கானிக்கல் ஹோர்ஸ்', இயந்திரக் குதிரை. எனக்கு இந்த வண்டிகளுக்கு வைத்த பெயர்களில் மிகவும் பிடித்தது இதுதான். பொய் இல்லாத பெயர்.

ஏன் இரண்டு துண்டு என்பதற்கு இப்போது வருவோம். முதல் காரணம் காசு. எஞ்சினும் ட்ரைவரும் இருக்கும் பகுதிதான் விலை கூடியது. ட்ரெய்லரை ஆலையில் கழற்றிவிட்டு அவர்கள் ஆறுதலாக இறக்கும் நேரத்தில், தலை வேறொரு ட்ரெய்லரை இழுக்கலாம். குதிரையை அவிழ்த்து வேறு வண்டியில் பூட்டுவது போல.

இரண்டாவது காரணம் திருப்பம். 40 அடிக் கொன்டெய்னர் என்றால் 12.19 மீற்றர். தலையையும் சேர்த்தால் வண்டி ஏறத்தாழ 15, 16 மீற்றர். இதை ஒரே விறைத்த சட்டமாகச் செய்தால் செங்கலடிச் சந்தியில் திருப்பவே முடியாது. நடுவில் மடிந்தால் திரும்பும். ஆனால் மடிவதற்கும் ஒரு விலை இருக்கிறது: பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இதைக் கணக்காகவே சொல்லலாம். கிங் பின் 12 மீற்றர் ஆரமுள்ள வட்டத்தில் தொடர்ந்து சுற்றுகிறது, ட்ரெய்லரின் சக்கரங்கள் கிங் பின்னுக்கு 8 மீற்றர் பின்னால் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 இன் வர்க்கம் 144, 8 இன் வர்க்கம் 64, கழித்தால் 80, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 9. அதாவது ட்ரெய்லரின் சக்கரம் 9 மீற்றர் வட்டத்தில் சுற்றும், மூன்று மீற்றர் உள்ளே. சந்தியில் கால் வட்டம்தான் திரும்புகிறோம் என்பதால் அவ்வளவு வராது. ஆனாலும் ஒரு மோட்டார் சைக்கிளும் அதில் இருப்பவரும் நிற்கும் இடத்தைத் தாராளமாக மூடிவிடும்.

இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது, அவ்வளவு முறை கண்டிருக்கிறேன். நாம் இடப்பக்கம் ஓட்டும் நாடு. இடப்பக்கத் திருப்பம்தான் இறுக்கமானது. நான் இடது சிக்னல் போட்டுவிட்டு, ட்ரெய்லருக்கு இடம் வேண்டுமே என்று முதலில் தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் வெளியே எடுப்பேன். அந்த நேரம் இடப்பக்கம் ஒரு வெற்றிடம் தோன்றும். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஸ்கூல் விடும் நேரம் மோட்டார் சைக்கிள்கள் அந்த வெற்றிடத்துக்குள் நேரே புகும். ட்ரைவர் வழி விட்டார் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்த இடத்தைத்தான் இன்னும் மூன்று விநாடியில் ட்ரெய்லரின் பின் டயர் துடைத்துக்கொண்டு போகப் போகிறது. தலை திரும்பிவிட்டால் இடப்பக்கக் கண்ணாடியில் எனக்கு ட்ரெய்லரின் பக்கச் சுவர் மட்டும்தான் தெரியும், மனிதர் தெரியமாட்டார். நீள வண்டி திருப்பத்தில் நிற்கும்போது தயவுசெய்து அதன் உள்பக்கம் போகாதீர்கள். பின்னால் நில்லுங்கள்.

பின்னுக்கு விடுவது எப்படி என்று லேண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டி வயலுக்குள் ஓட்டிய எவருக்கும் தெரியும். பெட்டி இடப்பக்கம் போக வேண்டுமென்றால் தலையை வலப்பக்கம் தள்ள வேண்டும். நம் ஊர்ப் பையன்கள் இதைப் பன்னிரண்டு வயதிலேயே பழகிவிடுகிறார்கள். பெரிய வண்டிக்கு லைசென்ஸில் சி.இ. என்ற வகுப்பு வேண்டும், அதற்கு வயதும் அனுபவமும் வேண்டும், ஆனால் கை பழகிய பாடம் அதே பாடம்தான்.

மடிவதன் மிக மோசமான பக்கம் ஜாக் நைஃப். மடக்குக் கத்தி மூடுவது போலத் தலையும் உடலும் ஒன்றையொன்று நோக்கி மடிவது. பிரைம் மூவரின் பின் சக்கரம் இறுகி வழுக்கினால், பின்னால் வரும் ட்ரெய்லர் தள்ளத் தள்ள தலை சுழன்று கெபின் ட்ரெய்லரிலேயே போய் மோதும். மாறாக ட்ரெய்லரின் சக்கரம் இறுகி வழுக்கினால், ட்ரெய்லர் கதவு திறப்பது போல எதிர்ப் பக்க ரோட்டுக்கு வீசும். இரண்டும் சுமை இல்லாத வண்டிக்கு மழையில்தான் அதிகம். புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் நடுவில் மார்கழி மழையில், யானை குறுக்கே வந்தது என்று முழு பிரேக் அடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இப்போது வரும் வண்டிகளில் சக்கரம் இறுகாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறது. அதை வேலை செய்யாமல் வைத்திருப்பது பெரிய தவறு.

பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெபினின் முதுகிலிருந்து ட்ரெய்லருக்குச் சுருள் சுருளாகக் குழாய்கள் போகும். சிவப்புக் குழாய் எப்போதும் காற்று நிரம்பியிருப்பது. மற்றக் குழாய், நாட்டைப் பொறுத்து மஞ்சள் அல்லது நீலம், பெடலை மிதிக்கும்போது கட்டளையைக் கொண்டுபோவது. சிவப்புக் குழாய் அறுந்தால் ட்ரெய்லரின் பிரேக் தானாகப் பிடிக்கும். காற்று இல்லையென்றால் பிரேக் இல்லை என்பதற்குப் பதிலாக, காற்று இல்லையென்றால் பிரேக் விடாது என்று தலைகீழாக அமைத்திருக்கிறார்கள். இந்த யோசனை ரயிலிலிருந்து வந்தது. ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872 இல் ரயில் பெட்டிகளுக்குச் செய்த தானியங்கிக் காற்று பிரேக்கின் அடிப்படை இதுதான்.

இனிப் பெயர்கள். பிரைம் மூவர் என்ற சொல் இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, அவுஸ்திரேலியாவில் புழங்குகிறது. இங்கிலாந்தில் முழு வண்டியை 'ஆர்ட்டிக்' என்பார்கள்; மூட்டுள்ளது என்று பொருள்படும் ஆர்ட்டிகுலேட்டட் என்பதன் சுருக்கம். தலையை ட்ராக்டர் யூனிட் என்பார்கள். நம் ஊரில் ட்ராக்டர் என்றால் வயலில் இறங்குவது, அதனால் அந்தப் பெயர் இங்கே ஒட்டவில்லை. ஜெர்மானியர் 'சட்டெல்சூக்' என்கிறார்கள். சட்டெல் என்றால் குதிரையின் சேணம். ட்ரெய்லர் சேணத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். பூட்டைப் பார்த்து வைத்த பெயர் என்பதால் எனக்கு இது சரியாகப் படுகிறது.

18 வீல் என்பது அமெரிக்கப் பழக்கம். அங்கே வழக்கமான வண்டியில் தலைக்கு 10 டயர், ட்ரெய்லருக்கு 8. நம் ரோட்டில் ஒரு பின் எக்ஸல் மட்டுமுள்ள தலை 6 டயர், இரண்டு எக்ஸல் ட்ரெய்லர் 8 டயர், கூட்டினால் 14. ட்ரெய்லரில் மூன்று எக்ஸல் இருந்தால் 18. தலையிலும் இரண்டு பின் எக்ஸல் இருந்தால் 22. ஆக 18 என்பது வகைப் பெயரே ஆகாது. ஒரே எண்ணிக்கை இரண்டு வேறு வண்டிகளுக்கு வரும். தொழிலில் இருப்பவர்கள் தலையை நாலுக்கு ரெண்டு, ஆறுக்கு நாலு என்று சொல்வார்கள். முதல் எண் சக்கரம் இருக்கும் இடங்களின் தொகை, இரட்டை டயரை ஒன்றாக எண்ண வேண்டும். இரண்டாம் எண் அதில் எஞ்சின் சுழற்றுபவை. ஆறுக்கு நாலு என்றால் ஆறு இடத்தில் சக்கரம், நாலு இழுக்கும். மகா ஓயா இறக்கத்தாலும் ஏற்றத்தாலும் போகிறவனுக்கு அந்த நாலு பெரிய ஆறுதல்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் வீடியோக்களில் 'டாரஸ்' என்ற சொல் கேட்டிருப்பீர்கள். அது அசோக் லேலண்ட் வைத்த ஒரு மொடலின் பெயர், எருது என்று பொருள். பிறகு பல எக்ஸல் உள்ள எந்தப் பெரிய லொறிக்கும் அந்தப் பெயர் ஊர்ப் பெயராகிவிட்டது. ஆனால் அது நடுவில் மடியாத ஒற்றைச் சட்ட லொறி. லேலண்டுக்கு இந்த மிருகப் பழக்கம் இங்கிலாந்திலிருந்தே வந்தது. அங்கே எட்டுச் சக்கர லொறிக்கு 'ஒக்டோபஸ்' என்று வைத்தார்கள், எட்டுக் கால் என்று.

எண்ணால் ஆன பெயர்களிலும் விஷயம் இருக்கிறது. டாடா 1613 என்ற லொறியை இங்கே பார்க்காதவர் குறைவு. 16 என்றால் சுமையோடு 16 தொன், 13 என்றால் ஏறத்தாழ 130 குதிரை வலு. அதே கணக்கில் டாடா எல்.பி.எஸ். 4018 என்றால் ட்ரெய்லர் உட்பட 40 தொன், 180 குதிரை. இந்த முறை மெர்சிடிஸ் பென்ஸுடையது. டாடா 1954 இலிருந்து 15 வருடம் அவர்களோடு கூட்டாக லொறி செய்தது. எல்.பி.எஸ். இல் உள்ள எஸ், மெர்சிடிஸ் முறையில் அந்தச் சட்டெல்லைத்தான் குறிக்கும். பெயர்ப் பலகையைப் பார்த்தே இது பூட்டி இழுக்கும் தலை என்று சொல்லிவிடலாம். வொல்வோ எஃப்.எச். 16 இல் உள்ள 16, எஞ்சினின் கொள்ளளவு 16 லீற்றர் என்பதிலிருந்து வந்தது. ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு கணக்கு, ஆகவே ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள்.

அமெரிக்க லொறிக்கு மூக்கு நீளம், நம் லொறிக்கு முகம் தட்டை. அதற்கும் காரணம் சட்டம்தான். ஐரோப்பாவில் தலையும் ட்ரெய்லரும் சேர்ந்து 16.5 மீற்றருக்குள் இருக்க வேண்டும். அப்படியென்றால் தலையை எவ்வளவு குறுக்குகிறோமோ அவ்வளவு சாமான் ஏற்றலாம், அதனால் ட்ரைவரை எஞ்சினின் மேலேயே உட்கார வைத்தார்கள். அமெரிக்காவில் 1982 சட்டத்துக்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலைகளில் முழு நீளத்துக்குக் கட்டுப்பாடு இல்லை, ட்ரெய்லருக்குத்தான் அளவு. அங்கே தலை எவ்வளவு நீண்டாலும் நட்டமில்லை. நமக்கு லொறி ஜப்பானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்ததால் தட்டை முகம். நம் ஊர்ச் சந்திகளுக்கு அதுவே நல்லது.

பி டபுள், ரோட் ட்ரெயின் இரண்டும் ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டு உள்ளவை. பி டபுளில் முதல் ட்ரெய்லரின் பின்பக்கத்திலேயே இன்னொரு பிப்த் வீல் இருக்கும், இரண்டாம் ட்ரெய்லர் அதில் ஏறி உட்காரும். மொத்தம் இரண்டு பூட்டு. மற்ற வகையில், முதல் ட்ரெய்லரின் பின்னால் 'டொலி' என்ற சிறு சக்கர வண்டியைக் கம்பியால் கொளுவி, அந்த டொலியின் மேல் இரண்டாம் ட்ரெய்லரை ஏற்றுவார்கள். அதில் பூட்டு மூன்று. இதை ஏ வகை என்பார்கள். பூட்டுக் கூடக் கூட வால் ஆடும். தலையில் ட்ரைவர் ஒரு குழியை விலக்கச் சற்று வெட்டினால், அந்த அசைவு பின்னால் போகப் போகப் பெருகி, கடைசி ட்ரெய்லரில் சாட்டை நுனி போல வீசும். அதனால் ஒரே நீளத்தில் பி வகை ஏ வகையை விட அமைதியாக ஓடும். அவுஸ்திரேலியாவின் உள்நாட்டில் ரோட் ட்ரெயின்கள் 53.5 மீற்றர் வரை போகின்றன. பின்லாந்து 2013 இல் 76 தொன்னும் 2019 இல் 34.5 மீற்றரும் அனுமதித்தது. நம் ரோட்டுக்கு இவை சரிவராது. 1924 இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தில், ஒரு பக்க வாகனம் கடந்து முடியும்வரை மறு பக்கம் காத்துக் கிடந்ததை நாம் கண்டவர்கள். புதுப் பாலம் வந்ததே 2013 இல்.

ஒரு வகையை மட்டும் இவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். குவாரிகளில் நடுவில் மடியும் பெரிய டம்ப் ட்ரக் இருக்கிறதே, வொல்வோ 1966 இல் தொடங்கிய வகை, அதற்கு முன் சக்கரம் திரும்பாது. ஹைட்ரோலிக் கை நடுவை மடித்துத்தான் திருப்பும். அங்கே மூட்டே ஸ்டியரிங்; அதைக் கழற்றி வேறு தலையில் பூட்ட முடியாது.

ட்ரெய்லர்களின் பெயர் எளிது, உடலைப் பார்த்தாலே வந்துவிடும். எண்ணெய் என்றால் பவுசர். நெல் வெட்டும் மெஷினும் மண் தோண்டும் பெக்கோவும் ஏற்றுவது லோ பெட். நடுத் தளம் தாழ்ந்து, முன்பக்கம் மட்டும் அன்னக் கழுத்து மாதிரி வளைந்து பிப்த் வீலில் ஏறும். கொன்டெய்னர் மட்டும் ஏற்றுவது வெறும் எலும்புக்கூடு, தளமே இருக்காது. கொன்டெய்னரின் நாலு மூலையிலும் உள்ள துளைக்குள் ட்விஸ்ட் லொக் என்ற திருகுப் பூட்டு போய்ப் பிடித்துக்கொள்ளும். அதுவும் ஒரு பூட்டுத்தான். 20 அடிக்கும் 40 அடிக்கும் உலகமெல்லாம் ஒரே அளவுத் துளை, அதனால்தான் சீனாவில் மூடிய பெட்டியைச் சம்மாந்துறையில் திறக்க முடிகிறது. ட்விஸ்ட் லொக்கைத் திருகாமல் "பாரம்தானே, நகராது" என்று வருகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். காற்றிலும் வளைவிலும் வெறும் கொன்டெய்னர் நகரும், நகர்ந்தால் விழும்.

கடைசியாக, அந்த ட்ரைவர் அடியில் புகுந்து பார்த்தது. அதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

2012 மாசி மாதம், அம்பாறை மாவட்டத்தில் ஒரு அரிசி ஆலை முற்றம். இரண்டு நாளாக நின்ற ட்ரெய்லர், மெஷின் இறக்கி முடிந்து வெறும் கொன்டெய்னரோடு நின்றது. பொழுது படும் நேரம். கழற்றி விட்ட ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களை யாரோ தேவைக்கு மேல் சுற்றி இறக்கி, ட்ரெய்லரை உயர்த்தி விட்டிருந்தார்கள். நான் பின்னுக்கு விட்டேன். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பழகியபடி முதல் கியரில் மெல்ல இழுத்துப் பார்த்தேன், பிடித்தது. குழாய்களைக் கொளுவினேன், கிளீனர் கால்களைச் சுற்றித் தூக்கினான். இறங்கிக் குனிந்து பார்க்கவில்லை. கேட்டைத் தாண்டி வலப்பக்கம் திருப்பும்போது, முதுகுப் பக்கம் இரும்பு உரசும் நீண்ட சத்தம். ட்ரெய்லரின் முன்பக்கம் தட்டை விட்டு வழுக்கி, என் பின் டயரின் மேல் இறங்கி, பிறகு தரையில் குத்தியது. சிவப்புக் குழாய் கம்பியாக நீண்டு அறுந்தது. காற்று சீறிய சத்தமும் ட்ரெய்லரின் பிரேக் பிடித்த சத்தமும் ஒரே நொடியில். கிளீனர் அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் அந்த இடத்திலிருந்து விலகியிருந்தான். அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே குதித்தேன். மறுபக்கத்திலிருந்து "ஓம் அண்ணே, நான் இஞ்ச நிக்கிறன்" என்று குரல் வந்தபோதுதான் மூச்சு வந்தது.

நடந்தது என்னவென்றால், ட்ரெய்லர் உயரமாக நின்றதால் கிங் பின் தாடைக்குள் போகாமல் தாடைக்கு மேலால் ஏறிப் போயிருந்தது. நுனி மட்டும் எங்கோ தட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் நேரே இழுத்தபோது பிடித்தது, திருப்பியபோது கழன்றது. இழுத்துப் பார்ப்பது மட்டும் போதாது என்பதை அன்று கற்றேன்.

உங்கள் ஊர் ட்ரைவர் டார்ச் அடித்துப் பார்த்தது இரண்டு விஷயம். ஒன்று, பக்கவாட்டில் நின்று பார்த்தால் தட்டுக்கும் ட்ரெய்லரின் அடிக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் ட்ரெய்லர் தட்டில் உட்காரவில்லை. இரண்டு, பின்பக்கம் போய் டார்ச்சைத் தட்டின் வாய்க்குள் அடித்தால், கிரீஸுக்கு நடுவில் கிங் பின்னின் கழுத்தைச் சுற்றித் தாடை முழுவதுமாக மூடியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் கண்ட பிறகுதான் அவர் கிளீனரிடம் காலைத் தூக்கச் சொல்லியிருப்பார்.